சில்லுக்குக் கீழே தேசிக்காய்

அத்தியாயம் 5

"அந்தோனியார் மேல சத்தியமாம், சேர். அதுக்கு மேல ஒரு சொல்லு அவன் வாயில இருந்து வருதில்ல," என்றாள் பேர்ணடெற். கண்ணைத் துடைத்த லேஞ்சியை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கொட்டாஞ்சேனையில் அவளுடைய வீட்டு முன்னறை. வெளியே மழை. என் சப்பாத்து இரண்டும் குளம். இந்தத் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து நான் நனையாத வழக்கு ஒன்றுகூடக் கிடையாது.

"என்ன சத்தியம் எண்டு கேட்டீங்களா அக்கா?" என்றேன்.

"கேட்டன் மகள். 'அது பழைய கதை, விடு' எண்டான். செய்யாத குத்தத்துக்கு உள்ள கிடக்கிறவன் இப்படியா கதைப்பான்? தூக்கி வளத்தவள் நான். எனக்கே பயம் பிடிச்சிட்டு."

சிவக்கொழுந்து சேர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தடவினார். அலுப்பு வந்தால் அவர் செய்கிற வேலை அது. காலையில் எழும்பினதில் இருந்து படுக்கும்வரை அவருக்கு அலுப்புத்தான். அரை ஆயுள் முழுக்க ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக இடிபட்ட வாகனங்களைப் பார்த்துப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்று இடித்தது என்று எழுதிக் கொடுத்த மனிதர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் ரொஷேல். அவருடைய உதவியாளர், சாரதி, முழங்கால் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள்.

வழக்கு இதுதான். வெள்ளவத்தையில் கனகசபாபதி என்றொரு வயதான கணக்காளர். அவரிடம் வெளிறின கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மொறிஸ் மைனர் கார். சும்மா மைனர் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் கம்பனி பத்து லட்சமாவது மைனரைச் செய்து முடித்த சந்தோசத்தில், முந்நூற்றைம்பது கார்களுக்கு மட்டும் அந்த நிறத்தை அடித்து, வெள்ளைத் தோல் சீற் போட்டு விற்றது. மற்ற மைனர்களின் பொனற் பக்கத்தில் 1000 என்றிருக்கும் இடத்தில் இவற்றுக்கு 1000000 என்றிருக்கும். கார்ப் பைத்தியங்கள் அதை 'மில்லியன்' என்பார்கள். உலகத்தில் இப்போது மிஞ்சி இருப்பது கொஞ்சம்தான்.

ரொறொன்ரோவில் இருந்து மகன் கிஷாந்த் வந்தார். அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போவதற்கு முதல் காரை விற்கலாம் என்று, பழைய கார்களை மதிப்பிடுகிற சாரங்கன் என்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சாரங்கன் பத்து நிமிடத்தில் கையை விரித்துவிட்டார். இது மில்லியனே இல்லை, பிந்திய காலத்துச் சாதாரண மைனர், அந்த 1000000 தகடு இங்கே வார்த்தது, சீற் வெறும் றெக்ஸீன் என்றார். கார் அப்போதுதான் தகரம் நிமிர்த்துகிற ரிங்கரிங்கும் பெயின்றும் முடிந்து கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் இருந்து வந்திருந்தது. வேலை செய்தவர் பேர்ணடெற்றின் தம்பி கிறிஸ்ரி. அப்படியென்றால் அவர்தான் காரை மாற்றியிருக்க வேண்டும். கிஷாந்த் பொலிஸுக்குப் போனார், கிறிஸ்ரி றிமாண்டுக்குப் போனார்.

நாளைக்கு வழக்கு. நாளன்றைக்குக் கிஷாந்த் பிளேன் ஏறுகிறார். முறைப்பாட்டுக்காரர் கடல் கடந்து போன வழக்கு இந்த ஊரில் எப்படி இழுபடும் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்குள் முடிக்காவிட்டால் கிறிஸ்ரியின் தலைமயிர் உள்ளேயே நரைத்துவிடும்.

அந்தத் தலைமயிர் ஒரு காலத்தில் பெரிய சாமான். சுவரில் இளம் வயதுப் படம் ஒன்று தொங்கியது. நெற்றியில் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு ஸ்ரெப் கட். மழைக்கு ஒதுங்கலாம்.

"எங்கட நம்பரை ஆர் தந்தது உங்களுக்கு?" என்று சேர் கேட்டார்.

"ஒரு ஐயா ஃபோன் எடுத்தார். பேர் சொல்லல. 'இவர் காரைப் பாக்கத் தெரிஞ்ச மனிசன், இவரிட்டப் போங்கோ' எண்டார்."

"எப்பிடிக் குரல்?"

"வயசான குரல். யாழ்ப்பாணத்துக் கதை. பின்னால ரெயில் ஒண்டு போச்சு. அந்தச் சத்தத்தில ரெண்டு தரம் சொல்ல வேண்டி வந்திச்சு பாவம்."

சேர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். எழும்பும்போது முழங்கால் 'டொக்' என்றது.

*

கராஜ் பக்கத்துத் தெருவில். முதலாளி கிளெமென்ற் ஒரு கவிழ்த்த பெட்டியில் குந்தியிருந்தார். வாகனம் ஒன்றும் இல்லை. கள்ளக் கராஜ் என்று பேர் வந்த பிறகு யார் வருவார்கள்?

"சேர், எனக்கு ஒரு விசயந்தான் விளங்குதில்ல," என்றார் அவர். "அந்தக் காரை அந்த வீட்டு அம்மாதான் கொண்டு வந்து விடச் சொன்னது. வேற ஆரும் கை வைக்கக் கூடாது, கிறிஸ்ரிதான் செய்யணும் எண்டு நிண்டாங்க. அவ்வளவு நம்பிக்கை வச்ச ஆக்களே இப்படிச் செய்தா என்ன செய்யிறது?"

"பழைய பெயின்றைச் சுரண்டினது எவடத்தில?"

"அந்த மூலையில."

"கூட்டிக் கொட்டினீங்களோ?"

கிளெமென்ற் வெட்கத்தோடு சிரித்தார். கூட்டுமாறு அந்தக் கராஜுக்குள் வந்து பல காலம் இருக்கும். சேர் மேசைக்குக் கீழே குனிய முயன்று, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். குனிகிற வேலை எல்லாம் எனக்கு.

தூசுக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஆணி, சிகரெட் அடி, யாரோ கடித்த வடையின் மிச்சம். கடைசியில் நகத்தளவு பெயின்ற் செதில் ஒன்று அகப்பட்டது. மேலே கத்தரிப்பூ நிறம். திருப்பினால் பளபளவென்று சாம்பல் நிறம். அதற்கும் கீழே சிவப்புப் பூச்சு. பிறந்தநாள் ரிபன் கேக்கில் ஒரு துண்டு வெட்டினது போல இருந்தது.

"புதுப் பெயின்ற் இல்ல இது," என்றார் சேர், அதை வெளிச்சத்தில் பிடித்து. "வெடிச்சுக் காய்ஞ்சு போன பழைய பெயின்ற். கம்பனியே கத்தரிப்பூ நிறம் அடிச்ச காருக்குக் கீழ ஏன் இன்னொரு முழு நிறம் இருக்கோணும்?"

"சாம்பல் நிறக் காருக்கு ஆரோ பிறகு இந்த நிறத்தை அடிச்சிருக்கு."

"ஓம். அதுவும் நேற்று முந்தநாள் இல்ல."

"அப்ப போலிக் கார்தான் இந்தக் கராஜுக்கு வந்திருக்கு! சேர், வழக்கு முடிஞ்சுது. வாங்க, நான் சப்பாத்து மாத்தப் போறன்."

"பொலிஸ் என்ன சொல்லும் பிள்ளை? வேற காரின்ர செதில், நீங்களே கொண்டு வந்து போட்டது எண்டு சொல்லும்."

சொல்லத்தான் செய்யும். என் சப்பாத்துக்கு விடிவு இல்லை.

*

எங்கள் அல்ட்டோ காலி வீதியில் ஊர்ந்தது. ஊர்ந்தது என்று சொல்வதே கொஞ்சம் கூட. கொள்ளுப்பிட்டியில் நின்றது, பம்பலப்பிட்டியில் நின்றது, நிற்காத இடத்தில் ஒரு பஸ் வந்து மூக்கை நுழைத்தது. கண்ணாடியில் மழை கொட்ட, வைப்பர் இரண்டும் அழுதுகொண்டு ஆடின.

"வைப்பரைப் பாரும்," என்றார் சேர். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர் எப்போது திறந்தார் என்று தெரியவில்லை.

"பாத்துக்கொண்டுதான் இருக்கன். மாத்தணும் எண்டு போன மாசமும் சொன்னன்."

"ரண்டும் எப்பிடி ஆடுது?"

"ஒண்டாத்தான். இடப்பக்கம் சாஞ்சா ரெண்டும் இடப்பக்கம். நல்ல குடும்பம்."

"தொடக்கத்து மைனர்களில அப்பிடி இல்ல. ஒண்டை ஒண்டு பார்த்து வரும், பிறகு விலகிப் போகும். கை தட்டுற மாதிரி. அறுபத்து மூண்டு முடியிற நேரத்திலதான் கம்பனி அதை மாத்தி ரண்டையும் ஒரே பக்கம் ஆட வச்சது. மில்லியன் கார் அதுக்கு முந்தினது. உண்மையான மில்லியன் எண்டா வைப்பர் கை தட்டோணும்."

"இந்தக் கார் தட்டாது. பிந்தின கார் எண்டு சாரங்கனே சொல்லிட்டாரே."

"சரி. இண்டைக்குத் தட்டாது. முந்தித் தட்டினதோ? எல்லாரும் ஆர் மாத்தினது எண்டு கேக்கினம். எப்ப மாறினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல." பெருமூச்சு விட்டார். "மழையில எடுத்த படம் ஒண்டு வேணும் பிள்ளை. மழையில காரைப் படம் எடுக்கிற விசரன் ஆர் இருப்பான் எண்டுதான் தெரியேல்ல."

வெள்ளவத்தையில் ஒழுங்கை வாயில் காரை நிறுத்தப் போனேன். ஒரு காவலாளி குடையோடு ஓடி வந்தார். "மெத்தன பார்க் கரன்ன பே, நங்கி." இங்கே நிறுத்த ஏலாது தங்கச்சி என்கிறார். கொழும்பில் எனக்கு அதிகம் கிடைக்கிற வாழ்த்து அது. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு நடந்தோம். ஒழுங்கையின் மற்ற முனையில் கடல் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் ரெயில் தண்டவாளம்.

*

கார் போர்ட்டிக்கோவில் நின்றது. புதுப் பெயின்றில் அழகாகத்தான் இருந்தது. சேர் வைப்பரை விரலால் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.

"நீங்க அந்த ஆளின்ர பக்கமோ?" என்றபடி வந்தார் கிஷாந்த். ஐம்பதைத் தொடுகிற வயது, தொப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல்.

"நாங்கள் காரின்ர பக்கம்," என்றார் சேர்.

கிஷாந்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா பொத்திப் பொத்தி வச்ச கார் இது. ஆபிரிக்காவில கிடந்து உழைச்ச நேரமும் கடிதத்துக்குக் கடிதம் காரைப் பற்றித்தான் கேப்பார். அதைக் கொண்டுபோய் ஒருத்தன் மாத்திப் போட்டு இதைக் கொண்டு வந்து விட்டிருக்கிறான். நான் விடுவனோ?"

உள்ளே ஜன்னலோரம் கனகசபாபதி ஐயா இருந்தார். பக்கத்தில் கைத்தடி. "வாரும் ஐசே," என்று சேரை வரவேற்றார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். காரைப் பற்றிச் சேர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஐயா சொன்ன பதில் ஒன்றுதான்: "வயது போட்டுது. ஞாபகம் இல்லை."

மில்லியனை வைத்திருந்த மனிதர், வைப்பர் எப்படி ஆடியது என்று ஞாபகம் இல்லை என்கிறார். என் மாமா தன் முதல் சைக்கிளின் மணிச் சத்தத்தை இன்றைக்கும் வாயால் அடித்துக் காட்டுவார்.

அப்போது யோகாம்பிகை அம்மா மழைக்குள்ளால் வந்தார். சேலைத் தலைப்பு நனைந்து, கையில் ஒரு பாண் பொட்டலம். வயது எழுபதுக்கு மேல். "செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடைக்குப் போட்டு வாறன்," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். அதில் அதிசயம் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் பொட்டும் பூவுமாக எத்தனையோ அம்மாக்களை நான் கண்டிருக்கிறேன். நாங்கள் யார், எங்கே இருந்து வருகிறோம் என்று கிஷாந்த் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்விதான் அதிசயம்.

"அந்தப் பிள்ளை சாப்பிடுதாமோ?"

வீட்டுக் காரைத் திருடினவன் சாப்பிட்டானா என்று எந்த வீட்டுக்காரி கேட்பாள்? நான் சேரைப் பார்த்தேன். சேர் என்னைப் பார்க்கவில்லை. ஐயாவின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நிறம் மங்கின படம். மழை பெய்கிற ஒரு பகல். கோயில் வாசல். கத்தரிப்பூ நிறக் கார். பொனற்றில் சந்தனமும் குங்குமமும் கரைந்து வழிகிறது. பக்கத்தில் குடையோடு ஒரு மெலிந்த பெடியன். மழையில் காரைப் படம் எடுத்த விசரன் ஒருவன் உலகத்தில் இருந்திருக்கிறான்.

"இதில நிக்கிறது நீங்களோ?" என்று சேர் கிஷாந்தைக் கேட்டார்.

"ஓம். கனடாவுக்கு வெளிக்கிட முதல் நாள். பிள்ளையார் கோயிலடி."

"போனாப் பிறகு எப்ப திரும்பி வந்தனீங்கள்?"

"சண்டை முடிஞ்சுதான் வந்தனான். வரேக்க எனக்கு ரண்டு பிள்ளையள்."

"அப்ப இந்தப் படம் நீங்கள் போறதுக்கு முதல் எடுத்தது. அதில சந்தேகம் இல்லைத்தானே?"

"என்ன சந்தேகம்? நான்தானே நிக்கிறன்."

"வைப்பரைப் பாருங்கோ."

கிஷாந்த் கிட்டப் போனார். கண்ணாடியின் நடுவில் ஆட்டத்தின் பாதியில் அகப்பட்டுப் போயிருந்தன வைப்பர்கள். இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நல்ல குடும்பம்.

சேர் வைப்பர்க் கதையைச் சொன்னார். செதிலையும் எடுத்துக் காட்டினார். கிஷாந்த் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆள் முட்டாள் இல்லை.

"வைப்பர் பழுதாகினா பிந்தின கால வைப்பரைப் போட்டிருப்பினம். பெயின்றும் அப்பிடி ஏதும் இருக்கும். அதை வச்சு இது வேற கார் எண்டு சொல்லேலாது."

"சொல்லேலாது," என்று சேர் ஒத்துக்கொண்டார். அவருக்குக் களைப்பு இன்னும் கூடினது போல இருந்தது. "அப்ப சில்லைப் பாருங்கோ."

நானும் பார்த்தேன். முன்சில்லு இரண்டுக்கும் முன்னால், ஈரத் தரையில், பச்சையாக உருண்டையாக ஒவ்வொன்று.

"தேசிக்காய்," என்றார் கிஷாந்த்.

"எந்த நேரம் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறது?"

"புது வாகனம் வாங்கினா." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. உடனே, "இல்லை, ஆயுத பூசையா இருக்கும்," என்றார்.

"நீங்கள் போனது எந்த மாசம்?"

"மே."

"மே மாசத்தில ஆயுத பூசையோ?"

கிஷாந்த் படத்துக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். "என்ர பயணத்துக்கு எண்டுதான் அம்மா சொன்னவ," என்றார் மெல்ல.

"பயணத்துக்குத் தேங்காய் உடைப்பினம். நீங்கள் போறது பிளேனில. காருக்கு ஏன் தேசிக்காய்? பல வருசமா வீட்டில நிக்கிற காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய் புதுசுக்குச் செய்யிற பூசையை ஏன் செய்யோணும்?"

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. கார்க் கண்ணாடிக்குப் பின்னால், மழைக் கோடுகளுக்குள், சாரதி ஆசனத்தில் ஒரு தலை. முகம் தெரியவில்லை. ஆனால் நெற்றியில் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு ஸ்ரெப் கட். அதே கூரையைக் காலையில்தான் கொட்டாஞ்சேனைச் சுவரில் பார்த்தேன்.

"சேர், காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது கிறிஸ்ரி," என்றேன்.

யோகாம்பிகை அம்மா பாண் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை," என்றார். "வித்தது நான்தான்."

"என்னம்மா கதைக்கிறியள்?" என்றார் கிஷாந்த்.

"அந்த நேரம் ஆமியும் பொலிஸும் இந்த ஒழுங்கைக்குள்ள வந்து பெடியளை ஏத்திக்கொண்டு போவாங்கள். உன்னை ரண்டு தரம் கொண்டு போனவங்கள், மறந்திட்டியோ? ரண்டாம் தரம் நீ திரும்பி வந்து ஒரு கிழமை கதைக்கேல்ல. மூண்டாம் தரம் வரமாட்டாய் எண்டு எனக்குத் தெரிஞ்சு போச்சு." மூச்சு வாங்கினார். "அப்பா லுசாக்காவில. எழுதினா வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவார், வந்தா அவரையும் பிடிப்பாங்கள். கல்கிசை ஹோட்டலில நிண்ட ஒரு வெள்ளைக்காரன் இந்தக் காருக்காக நாயாய் அலைஞ்சவன். குடுத்திட்டன். மருதானைக் கராஜ் ஒண்டில சாம்பல் நிற மைனர் ஒண்டு கிடந்தது. கிறிஸ்ரி அங்க வேலை பழகின பெடியன். அவன்தான் பெயின்ற் அடிச்சு, தகடு வார்ப்பிச்சு, சீற் தைப்பிச்சுத் தந்தவன். ஐயாவுக்கு ஒருநாளும் சொல்லக் கூடாது எண்டு கொச்சிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் வாங்கினன். நான் சைவம்தான். ஆனா அவனைக் கட்டுறதுக்கு அவன்ர சாமிதானே வேணும்."

"படம்?" என்று சேர் கேட்டார்.

"கார் பத்திரமா நிக்குது எண்டு இவருக்கு அனுப்பினது."

படத்தில் ஒரே வயதுப் பெடியன்கள் இரண்டு பேர். ஒருவன் அடுத்த நாள் பிளேன் ஏறினான். மற்றவன் வாயை மூடிக்கொண்டு இங்கேயே கிடந்தான், இப்போது அதற்காகவே உள்ளே கிடக்கிறான்.

"அவனைப் பிடிச்ச நாள் தொடக்கம் பொலிஸுக்குப் போகத்தான் வெளிக்கிடுறன்," என்றார் அம்மா. "இவரின்ர முகத்தைப் பார்த்தா காலெழும்புதில்ல. காரைப் பற்றி வாறவன் போறவனுக்கெல்லாம் பெருமையாச் சொல்லுற மனிசனுக்கு எப்பிடிச் சொல்லுவன்?"

எல்லாரும் ஐயாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. சண்டை பிடித்து ஓய்ந்த மனிதனின் களைப்புத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரெயில் ஒன்று வீட்டையே ஆட்டிக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. அது போய் முடியும்வரை சேர் காத்திருந்தார்.

"ஐயா, பேர்ணடெற்றுக்கு ஃபோன் எடுத்தது நீங்கள்தானே?"

"ஓம்," என்றார் கனகசபாபதி.

யோகாம்பிகை அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "இஞ்சாருங்கோ... உங்களுக்குத் தெரியுமோ?"

"படம் லுசாக்காவுக்கு வந்த அண்டே தெரியும். வைப்பரைப் பிறகுதான் கண்டனான். முதல் கண்டது தேசிக்காய்." கைத்தடியைத் தடவினார். "எங்கட காருக்கு இவள் ஏன் தேசிக்காய் வைக்கிறாள் எண்டு யோசிச்சன், ஐசே. ஒரு நிமிசத்தில விளங்கீட்டுது. பூசை செய்யாமல் ஒரு வாகனத்தை ரோட்டில இறக்க இவளுக்கு மனம் வராது. கள்ள வேலையையும் முறைப்படி செய்தவள்."

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?" அம்மாவின் குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை.

"சொன்னா நீ என்னட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாய். பிள்ளையைக் காப்பாத்தினதுக்கு நீ ஏன் மன்னிப்புக் கேக்கோணும்? அதுதான் வாறவன் போறவனுக்கெல்லாம் இதுதான் மில்லியன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். உனக்குக் கேக்கட்டும் எண்டு."

நல்ல மனிதர்கள். எனக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

"சரி ஐயா," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மனசு நோகாம இருந்தீங்க. அதுக்குக் கிறிஸ்ரி ஏன் உள்ள கிடந்து நுளம்புக்கு ரத்தம் குடுக்கணும்? பேர்ணடெற் அக்கா அங்க அழுது அழுது லேஞ்சி காயுதில்ல."

சேர் வழக்கமாக இப்படியான இடத்தில் என் காலை மிதிப்பார். இன்றைக்கு மிதிக்கவில்லை.

"நீர் சொல்லுறது சரி பிள்ளை," என்றார் ஐயா. "பிழை என்னிலதான். என்னட்ட ஒரு சொல்லுக் கேக்க முதலே இவன் பொலிஸில எழுதிக் குடுத்திட்டான். உண்மையைச் சொன்னா இவளைச் சொல்லோணும். இவளைச் சொன்னா, எதுக்கு வித்தவள் எண்டும் இவனுக்குச் சொல்லோணும். எனக்கு வாய் வரேல்ல. வேற ஆரும் கண்டுபிடிக்கட்டும் எண்டு ஃபோன் எடுத்தனான். கோழைத்தனம்தான்."

கிஷாந்த் சுவர்ப் படத்தின் முன்னாலேயே நின்றார். இத்தனை கதைக்கும் அவர் மனசு இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. சில பேருக்கு விசயம் காதுக்குள் போய், அங்கே கொஞ்ச நேரம் வரிசையில் நிற்கும்.

"அப்ப உண்மையான கார் எங்கயம்மா?" என்றார்.

யோகாம்பிகை அம்மா மகனைப் பார்த்தார்.

"நீ அதிலதானே ராசா கனடாவுக்குப் போனனீ."

கிஷாந்த் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா போய் அவருடைய தலையில் கையை வைத்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தேன், அதில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

சேர்தான் தொண்டையைச் செருமினார். "முறைப்பாட்டை வாபஸ் எடுக்கிறன் எண்டு இண்டைக்கே ஸ்ரேஷனில சொன்னா, நாளைக்குக் கோர்ட்டில விட்டிடுவினம். அம்மாவும் வந்து சொல்லோணும்."

"நான் வாறன்," என்றார் அம்மா.

"எல்லாரும் போவம்," என்றார் கிஷாந்த். முகத்தைத் தொப்பியால் துடைத்துக்கொண்டு எழும்பினார். "பிளேனைப் பிந்திப் போடுறன். அவர் வெளியில வாறதைப் பார்த்திட்டுத்தான் போவன். நான்... அவரிட்ட என்னத்தைச் சொல்லுறது?"

"முதல்ல சாப்பாடு வாங்கிக் குடுங்க," என்றேன். "மிச்சம் தானா வரும்."

"எங்கட காரில போவம்," என்றார் ஐயா.

போர்ட்டிக்கோவுக்கு வந்தோம். கிஷாந்த் சாரதி ஆசனத்தில் ஏறித் திறப்பைப் போட்டார். அம்மா, "கொஞ்சம் பொறு தம்பி," என்று உள்ளே போனார். கராஜில் இருந்து வந்த பிறகு கார் இன்னும் ரோட்டில் இறங்கவில்லையாம். திரும்பி வந்தபோது அவர் கையில் நான்கு தேசிக்காய் இருந்தது. சேர் என் பக்கம் திரும்பி, "பாரும், குனியிற வேலை," என்று முணுமுணுத்தார். நான் முன்னுக்குப் போனேன்.

அதற்குள் கனகசபாபதி ஐயா கைத்தடியை என்னிடம் நீட்டிவிட்டார். மனைவியின் கையில் இருந்து தேசிக்காய்களை வாங்கிக்கொண்டார்.

"அண்டைக்கு நான் பக்கத்தில இல்லை," என்றார் அம்மாவிடம். "இண்டைக்கு நான் வைக்கிறன்."

ஒரு கையால் பொனற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில், மெல்ல மெல்லக் குனிந்து முன்சில்லுக்குக் கீழே முதல் தேசிக்காயை வைத்தார். நேராக இருக்கிறதா என்று அம்மா பார்த்துச் சொன்னார்.